வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு புல்தட்டு: ஐந்து மாதப் பாவனைக்குப் பிறகு

நாய்க்குட்டி வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கப் பழகுவதற்கென்று விற்கப்படும் பிளாஸ்ரிக் புல்தட்டு ஒன்றை ஏப்ரல் கடைசியில் வாங்கினேன். இப்போது செப்டெம்பர். இந்த ஐந்து மாதங்களில் அதைப் பாவிக்காத நாள் ஒன்றுகூட இல்லை. கழுவியிருக்கிறேன், திருத்தியிருக்கிறேன், எறிந்துவிடலாமென்று இரண்டு தடவை கதவு வரை தூக்கிக்கொண்டு போயும் இருக்கிறேன். இன்று அந்தத் தட்டு எங்கள் பல்கனியில் இருக்கிறது. அதனோடு வந்த செயற்கைப் புல் இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்ட காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். கொழும்பில் மாடிவீட்டில் முதன்முதலாக நாய் வளர்க்க நினைத்துக் கடைக்குப் போகிறவரின் கையில் முதலில் கொடுக்கப்படும் பொருள் இதுதான் என்பதை இப்போது நன்றாக அறிவேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் இருக்கிறது. செம்பி எந்தக் கடையிலும் வாங்கிய குட்டி அல்ல. கணவரின் வேலையிடத்துக்கு அருகில் மணல் கொட்டிக் கிடந்த கட்டட வேலைத்தளத்தில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. தாய் வாகனத்தில் அடிபட்ட பிறகு குட்டிகளை ஆளுக்கொன்றாகப் பொறுப்பேற்றார்கள். எங்களுக்குக் கிடைத்தது செந்நிறப் பெட்டை. பற்களைப் பார்த்த மிருக வைத்தியர் ஒன்பது வாரம் இருக்கும் என்றார். அன்றே முதல் தடுப்பூசி போட்டுவிட்டு, பதினாறு வாரம் நிறைந்து கடைசி ஊசி போட்டு முடியும் வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் அவளை இறக்கிவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பார்வோ வைரசு நோயுற்ற நாயின் மலத்தோடு மண்ணில் விழுந்து மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். தடுப்பூசி முற்றுப்பெறாத குட்டியை அது பிடித்தால் சில நாட்களிலேயே கொண்டுபோய்விடும். எங்கள் ஒழுங்கையிலோ குறைந்தது ஆறு தெருநாய்கள் நிரந்தரமாக வாழ்கின்றன. உலகத்தை அவள் பார்க்கவேண்டும், சத்தங்களுக்குப் பழகவேண்டும் என்பதற்காக மாலையில் தூக்கிக்கொண்டு கடலோரம் நடப்போம். ஆனால் நிலத்தில் கால் வைக்க விடமாட்டோம்.

ஊசி ஒருபுறமிருக்க, மாடிவீட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. நித்திரையால் எழும்பிய ஒன்பது வாரக் குட்டிக்கு உங்களிடம் கொடுப்பதற்கு அரை நிமிடத்துக்கு மேல் இல்லை. லிப்ட் நான்காம் மாடிக்கு வந்து, கதவு திறந்து, கீழே இறங்கி, காவலாளியைத் தாண்டி வெளியே போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மின்சாரம் நின்ற நாட்களில் லிப்டும் இல்லை. ஆகவே வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் கட்டாயம் தேவை என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த இடம் எதனால் ஆனதாக இருக்கவேண்டும் என்பதைத்தான் பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கற்றோம்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மூன்று அடுக்கானது. அடியில் இழுத்து எடுக்கக்கூடிய ஒரு லாச்சி, அதன்மேல் துளைகளுள்ள கெட்டியான பிளாஸ்ரிக் சட்டம், எல்லாவற்றுக்கும் மேலே இறப்பர் முதுகு கொண்ட பச்சைச் செயற்கைப் புல். நீளம் 63 சென்ரிமீற்றர், அகலம் 50. சிறுநீர் புல்லின் ஊடாக வடிந்து லாச்சியில் சேரும், லாச்சியை ஊற்றிக் கழுவினால் போதும் என்பது கணக்கு. கூடவே, குட்டியை அந்த இடத்துக்கு இழுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு சிறிய திரவப் போத்தலும் இருந்தது. எல்லாமாக 8,900 ரூபாய். பெட்டியின் மேல் ஏழு நாளில் பழகிவிடும் என்று அச்சிட்டிருந்தார்கள். விற்பனையாளரும் அதையே வாயால் சொன்னார்.

அதே கடையில் ஒருதடவை பாவித்து எறியும் விரிப்புகள் ஐம்பது கொண்ட பொதி ஒன்றையும் வாங்கியிருந்தேன். முதல் நான்கு நாட்கள் அவற்றைத்தான் விரித்தோம். குழந்தைகளின் பம்பர்ஸ் போலவே அவற்றின் உள்ளே நீரை உறிஞ்சிக் கூழாக மாறும் தூளும் அடியில் பிளாஸ்ரிக் தாளும் இருக்கின்றன. உறிஞ்சுவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாளொன்றுக்கு ஆறு விரிப்பு முடிந்தது. ஐம்பது விரிப்பு ஒன்பது நாளைக்குக்கூடக் காணாது. மூன்றாம் நாள் மாலை செம்பி ஒன்றைக் கிழித்துக் கூழைத் தின்னத் தொடங்கியதைக் கண்டு வாயிலிருந்து தோண்டி எடுத்தேன். விழுங்கியிருந்தால் குடலை அடைத்திருக்கும் என்று வைத்தியர் பிறகு சொன்னார். குப்பையும் என்னை உறுத்தியது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள்ளும் குப்பைக்குள்ளும் புதைந்ததைப் பார்த்த நகரம் இது. உக்காத ஆறு பொட்டலங்களை நாள்தோறும் குப்பை வாளியில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று அந்த விரிப்புகளில் இருக்கிறது, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அவை மென்மையானவை, துணி போன்றவை. அவற்றில் பழகும் குட்டி கால்மிதியையும், குளியலறை வாசலில் கிடக்கும் துவாயையும், கட்டிலிலிருந்து நழுவி விழுந்த போர்வையையும் அதே இனமாகத்தான் எடுத்துக்கொள்ளும். நாய்க்குட்டிகள் மூன்று வார அளவிலேயே படுக்கையை விட்டு விலகிப்போய்க் கழிக்கத் தொடங்குகின்றன. எட்டு ஒன்பது வாரமாகும்போது காலுக்குக் கீழே எது தட்டுப்பட்டால் கழிக்கலாம் என்ற ஒரு விருப்பம் அவற்றுக்குள் படிந்துவிடுகிறது. மணலில் பிறந்த செம்பிக்குச் சொரசொரப்பான தரை வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் சொரசொரப்பாக இருந்த ஒரே பொருள் முன்கதவடியில் கிடந்த தும்புக் கால்மிதி. விரிப்பில் ஒருமுறை என்றால் கால்மிதியில் மூன்றுமுறை சிறுநீருக்கு இருந்தாள். கால்மிதியை எடுத்து ஒளித்த பிறகும் அது கிடந்த இடத்துக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு, வெறும் தரையிலேயே இருந்தாள்.

அம்மாதான் முதலில் விளங்கிக்கொண்டவர். யாழ்ப்பாணத்தில் முற்றத்து நாய்களோடு வளர்ந்தவருக்கு, சாமி அறை இருக்கும் வீட்டுக்குள் நாயை மலசலத்துக்கு இருத்திப் பழக்குவது என்பதே ஏற்கமுடியாத விடயமாக இருந்தது. முதல் வாரம் பல்கனிப் பக்கமே வரவில்லை. ஆனால் நாயைக் கவனிப்பதை விடவில்லை. "பிள்ளை, அது உன்ரை தட்டைப் பார்க்கேல்லை. மணத்தையும் காலுக்குக் கீழை கிடக்கிறதையுந்தான் பார்க்குது. அந்தக் கால்மிதியை வெட்டித் தட்டிலை வை," என்றார். செயற்கைப் புல்லின் நடுவே தும்புக் கால்மிதியின் ஒரு கைப்பிடி அகலத் துண்டை வைத்தேன். பெட்டியோடு வந்த திரவத்தை ஒரு போத்தல் முழுக்கத் தெளித்தபோது ஒருமுறை மோந்துவிட்டு அப்பால் போன குட்டி, அன்று பின்னேரம் நித்திரையால் எழும்பியதும் நேரே தட்டுக்குப் போய் அந்தத் துண்டின் மேல் இருந்தாள். ஆகவே அந்தத் திரவத்துக்கென்று தனியாக ஒருவரும் பணம் செலவழிக்கவேண்டாம். குட்டியின் சொந்தச் சிறுநீர் ஊறிய கடதாசித் துண்டோ துணித் துண்டோ அதைவிட நன்றாக வேலை செய்யும்; அதற்குக் காசும் இல்லை.

புல்லின் நல்ல பக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். வீட்டில் வேறெங்கும் இல்லாத ஒரு தொடுகை அதற்கு இருக்கிறது. சோபாவும் கம்பளமும் கட்டிலும் எதுவும் அப்படி இல்லை. குத்தும் இழைகளின் மேல் ஏறினால்தான் இருக்கவேண்டும் என்பதை ஒரு குட்டியால் இலகுவாகப் பிரித்தறிய முடிகிறது. தட்டின் விளிம்பு இரண்டு அங்குலம் உயர்ந்திருப்பதும் நல்ல அமைப்பு. ஏறுவது என்ற செயலே அவளுக்கு ஓர் அறிகுறியாகிவிட்டது. கால்மிதித் துண்டைப் பத்து நாட்களில் சிறிது சிறிதாக வெட்டிக் குறைத்து, கடைசியில் எடுத்துவிட்டேன். அவள் புல்லிலேயே தொடர்ந்தாள்.

ஏழு நாள் என்ற வாக்கு மட்டும் பொய். ஒரு சீ.ஆர். கொப்பியில் நேரம் குறித்து எழுதி வந்தேன். முதல் வாரத்தில் தட்டில் 19 தடவை, தட்டுக்கு வெளியே 41 தடவை. மூன்றாம் வாரத்தில் தட்டில் 44, வெளியே 13. ஆறாம் வாரத்தில் வெளியே போனது இரண்டே தடவை. அவற்றில் ஒன்று வாணவெடிக்குப் பயந்து. இந்த முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது பிளாஸ்ரிக் அல்ல, அந்தக் கொப்பிதான். எழும்பியவுடன், சாப்பிட்டுக் கால் மணித்தியாலத்துக்குள், விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது, தண்ணீர் குடித்த சிறிது நேரத்தில் என்று அவளுடைய நேரங்கள் எழுத்தில் தெரியத் தொடங்கின. வயது மாதக்கணக்கில் எத்தனையோ அத்தனை மணித்தியாலமும், அதோடு ஒன்றும் கூட்டினால் ஒரு குட்டி அடக்கிவைக்கக்கூடிய உச்ச நேரம் கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம். அது அவள் அசையாமல் நித்திரை கொள்ளும் நேரத்துக்கான கணக்கு. விழித்திருக்கும் வேளையில் முக்கால் மணித்தியாலம் கூட நம்பமுடியாது. முதல் மூன்று வாரம் இரவு ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் அலாரம் வைத்து எழும்பி, தூக்கிக்கொண்டுபோய்த் தட்டில் விட்டோம். இருந்து முடித்த அந்தக் கணத்திலேயே, தட்டை விட்டு இறங்குவதற்கு முன், அவித்த கோழியில் நகமளவு துண்டு ஒன்று. இறங்கி எங்களிடம் ஓடிவந்த பிறகு கொடுத்தால் ஓடிவந்ததற்குத்தான் கிடைத்தது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அடித்துப் பழக்கலாமா என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. பக்கத்து வீட்டு மாமி சொன்னபடி, தரையில் கிடந்த சிறுநீரில் மூக்கை அழுத்தி என் கணவர் ஒரு தடவை கண்டித்தார். அடுத்த இரண்டு நாளும் செம்பி எங்கள் கண்முன்னால் தட்டில்கூட இருக்க மறுத்து, சோபாவுக்குப் பின்னால் ஒளித்துப் போய் இருந்தாள். எங்களைப் பார்த்துப் பயந்த குட்டி எங்கள் முன்னிலையில் கழிக்காது. எங்கள் முன்னிலையில் கழிக்காத குட்டியைப் பாராட்டவும் முடியாது. அவர் இன்றும் அதை நினைத்து வருந்துகிறார்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இந்தப் பொருள் எங்கே தயாரானதோ அந்த ஊரின் காற்று எங்கள் ஊரின் காற்று அல்ல என்பது தெரிந்துவிட்டது. புல்லின் இறப்பர் முதுகில் வடிகால் துளைகள் இருக்கின்றன. ஆனால் நான் எண்ணிப் பார்த்தபோது முழுத் துண்டுக்கும் இருபத்துநான்குதான், ஒவ்வொன்றும் ஒரு பயறு விதை அளவு. சிறுநீரில் பாதி அவற்றினூடாக இறங்கும். மீதி இழைகளின் வேரடியில் தங்கிவிடும். வெயில் காயும் ஊரில் அது உலர்ந்துவிடும் போலும். இங்கே கடற்காற்றின் ஈரத்தில், மழை விடாத வாரத்தில், கழுவித் தொங்கவிட்ட புல் மூன்றாம் நாளும் விரலால் அழுத்தினால் நீர் கசிந்தது. இரண்டாம் நாளே அமோனியா நெடி பல்கனிக் கதவைத் தாண்டி உள்ளே வந்தது. நெடி கூடியபோது செம்பி தட்டில் ஏறத் தயங்கினாள். நாயும் தன் கழிப்பிடம் அளவுக்கு மீறி நாறினால் வேறிடம் தேடும். மணம் அறவே இல்லாவிட்டால் இடம் தெரியாது, கூடிவிட்டால் இடம் பிடிக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே வைத்திருப்பதுதான் வேலை. அதற்கு இந்தப் புல் உதவவில்லை. இரண்டாவது புல்துண்டு வாங்கி மாறி மாறிப் போடலாம் என்று போனால், தனியாகப் புல் விற்பதில்லை, முழுத் தட்டும்தான் என்றார்கள். இப்படியொரு பொருளுக்கு மாற்றுப் புல் இல்லாமல் விற்பது வாங்குபவரை மதிக்காத செயல்.

லாச்சியின் அமைப்பிலும் ஒரு பிழை உண்டு. இரண்டு லீற்றர் கொள்ளும். ஆனால் முன்விளிம்பு மற்ற மூன்று பக்கங்களை விடத் தாழ்ந்தது. ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அம்மா சாமிப்படங்களுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த நேரம், நிறைந்திருந்த லாச்சியை இரண்டு கையாலும் ஏந்தி, மூச்சைப் பிடித்தபடி கூடத்தைக் கடந்து குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். செம்பி காலுக்குள் வந்து புகுந்தாள். லாச்சி ஒரு விரற்கடை சரிந்தது. மஞ்சள் நீர் முன்விளிம்பால் வழிந்து, டைல்களின் இடுக்குக் கோடு வழியே ஓடி, சாமி அறை வாசலில் அம்மா காலையில் போட்டிருந்த கோலத்தின் ஓரத்தைத் தொட்டு நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பூத்தட்டை வைத்துவிட்டு, மஞ்சள் கரைத்த தண்ணீரை எடுத்து வந்தார். நான் முழங்காலில் நின்று துடைத்தேன். அன்றிலிருந்து லாச்சியில் ஒரு கையளவு மரத்தூள் போட்டு வைக்கிறேன். நீர் ஊறிக் கட்டியாகிவிடுவதால் ததும்பாது.

துடைப்பதைப் பற்றியும் தெளிவாக எழுதவேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் கைக்கு முதலில் வருவது பினைலும் பிளீச்சும்தான். சிறுநீரின் மேல் பிளீச் ஊற்றினால் சிறுநீரிலுள்ள அமோனியாவோடு கலந்து கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு எழும்பும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அது ஆபத்தானது. பினைலின் நெடி நமக்குச் சுத்தம் என்று தோன்றலாம். நாயின் மூக்கு அதன் அடியில் கிடக்கும் பழைய மணத்தைத் தவறாமல் கண்டுபிடிக்கும், பினைலை நக்கினால் குட்டிக்குக் கேடும் வரும். வடிகாலில் போடும் பூச்சி உருண்டைகளையும் எடுத்துவிடுங்கள். அவற்றை விழுங்கினால் நாய்க்கு நஞ்சு. செல்லப்பிராணிகளின் சிறுநீருக்கென்று விற்கப்படும், நொதியங்கள் கலந்த துப்புரவுத் திரவம்தான் மணத்தின் மூலத்தையே சிதைக்கிறது. லீற்றர் 3,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இந்த முழு முயற்சியிலும் சற்றும் வருத்தமின்றிச் செலவழித்த பணம் அது. ஊற்றியவுடன் துடைக்கக் கூடாது, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட வேண்டும். அந்த நேரத்தில் பிளீச்சோ பினைலோ அருகில் வந்தால் நொதியம் வேலை செய்யாது. கையுறை போடுவதையும் மறக்கவேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வெளியேறும். மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பும் நகரத்தில் அதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. செம்பிக்குப் போட்ட ஊசியில் அதற்கான காப்பும் அடங்கியிருந்தது.

கடைசி ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து, வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்டேன். பிளாஸ்ரிக் புல்லுக்குப் பதிலாக உண்மைப் புல்லையே தட்டில் வைக்கலாமா? கீழே இறங்கும்போது அவள் காலுக்குப் படப்போவது உண்மைப் புல்தானே? அவர் சற்று யோசித்துவிட்டு, ஊசிகள் முடிந்துவிட்டதால் வைக்கலாம், நாய்கள் படுத்துக் கிடக்கும் நாற்றுமேடையிலிருந்து மட்டும் வாங்கவேண்டாம், உண்ணி இருக்கிறதா என்று வேரடியைப் பிரித்துப் பாருங்கள் என்றார். பத்தரமுல்லைப் பக்கம் செடி விற்கும் இடங்களில் மலேசியப் புல் என்று சொல்லி, மண்ணோடு பாய்போலப் பெயர்த்த துண்டுகளைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். நான்கு சதுர அடி வாங்கி, ஓட்டோவின் கால்வைக்கும் இடத்தில் ஈரச்சாக்கு விரித்துக் கொண்டுவந்தேன். துளைச் சட்டத்தின் மேல் ஒரு நைலோன் வலை, அதன்மேல் விரலளவு மணல், அதன்மேல் புல். செயற்கைப் புல்லைச் சுருட்டிக் கட்டிவிட்டேன்.

செம்பி அதைச் சுற்றி இரண்டு தடவை மோந்தாள். முன்காலால் ஒருமுறை கீறினாள். பிறகு நடுவில் போய் நின்று, முதுகை வளைத்து, வாலை உயர்த்தி, நெடுநேரம் இருந்தாள். மண் நீரை உறிஞ்சும் மெல்லிய சத்தம் கேட்டது. பல்கனியில் அந்த நேரம் வந்தது நெடியல்ல, மழை பெய்த முற்றத்து மணம். அம்மா கதவடியில் நின்று பார்த்தார். அன்று தொடக்கம் காலையில் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவருடைய வேலையாகிவிட்டது. ஒவ்வொரு தடவை அவள் இருந்து முடித்ததும் ஒரு பேணி தண்ணீர் ஊற்றவேண்டும். இல்லாவிட்டால், அளவுக்கு மீறி யூரியா போட்ட வயல்போலப் புல் அந்த இடத்தில் கருகிவிடும். ஊற்றினாலும் மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது, அதன்பிறகு புதிதாக வாங்கவேண்டும். ஒரு தடவைக்கு 400 ரூபாய் அளவில் முடிகிறது. எறிவதும் மண்ணும் புல்லும்தான். மலத்தை உடனுக்குடன் அள்ளிவிட்டால் ஈ வராது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சிறுநீரை உடைத்துவிடுவதால்தான் மணம் இப்படி அடங்குகிறது என்பது என் அனுமானம். எப்படியிருந்தாலும், ஆடி மாதம் முழுவதும் விருந்தினர் வந்து பல்கனியில் அமர்ந்து தேநீர் குடித்துப் போயிருக்கிறார்கள்.

இதனால் கிடைத்த பெரிய பலனை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. விரிப்பில் பழகிய நாய்கள் வெளியே கூட்டிப்போனால் ஒரு மணித்தியாலம் நடந்தும் அடக்கிக்கொண்டு, வீட்டுக்குள் வந்தவுடன் விரிப்பைத் தேடி ஓடுகின்றன. எங்கள் தொடர்மாடியிலேயே அப்படி இரண்டு நாய்கள் உள்ளன. ஒன்றுக்கு நான்கு வயது. செம்பியை முதன்முதலாகக் கீழே நடக்கக் கூட்டிப்போன அன்று, மதிலோரமாக இருந்த சிறிய புற்றரையில் கால் வைத்ததுமே இருந்துவிட்டாள். வீட்டில் எதில் பழகினாளோ அதுவே வெளியிலும் கிடைத்தது. இப்போது ஏழு மாதம் ஆகிறது. காலையும் மாலையும் வெளியே. நடுப்பகலிலும் அடைமழையிலும் லிப்ட் நின்ற நேரத்திலும் தட்டு.

ஆகவே இந்தப் பொருளுக்கு என் மதிப்பீடு இரண்டாகப் பிரிகிறது. சட்டமும் தட்டும் உறுதியானவை, 14 கிலோ வளர்ந்துவிட்ட நாய் ஏறி நின்றும் வளையவில்லை, உயர்ந்த விளிம்பு நல்ல யோசனை. அவற்றுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். செயற்கைப் புல்லுக்கு ஒன்று, அதுவும் தடுப்பூசி முடியும் வரையான எட்டு வாரத்தை அது ஒருவாறு கடத்தியதற்காக. திரவப் போத்தலுக்கு ஒன்றுமில்லை. புல் இல்லாமல் தட்டை மட்டும் பாதி விலைக்கு விற்றால் தயக்கமின்றி வாங்கச் சொல்வேன். உங்களிடம் ஏற்கெனவே துளைபோட்ட அகலமான பிளாஸ்ரிக் தட்டமும் அதற்குக் கீழே வைக்க ஒரு பெரிய தட்டமும் இருந்தால் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. பல்கனி இல்லாதவர்களும், இருந்தும் வெளிச்சம் விழாதவர்களும் உண்மைப் புல்லை ஒரு வாரத்துக்கு மேல் காப்பாற்ற முடியாது. கடுவன் குட்டி என்றால் ஆறு மாதம் கடந்து காலைத் தூக்கத் தொடங்கும்போது சிறுநீர் தட்டுக்கு வெளியே சுவரில் போகும். தட்டின் நடுவே தூக்கிக் கழிப்பதற்கு ஒரு சிறிய தூண் நாட்டவேண்டியிருக்கும், இந்தத் தட்டில் அதற்கு இடமில்லை. நாய் பெருத்த இனமென்றால் 63 சென்ரிமீற்றர் நீளத்துக்குள் முன்கால் நிற்கும், பின்பக்கம் வெளியே நிற்கும். வாங்குவதற்கு முன் பல்கனியில் வடிகால் துளை எங்கே இருக்கிறது, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். எங்களுடையது கீழ்வீட்டுப் பல்கனியின் மேல் திறந்து கிடந்தது. அதைத் தும்பும் சீமெந்தும் வைத்து அடைத்த பிறகே தட்டை அங்கே வைத்தேன்.